முழுப்பேர்

ஆறாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு
வெள்ளை அடித்து முடித்தபோது
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
பொருள்களை நான்தான் அடுக்கினேன்:
கொழுந்துக் கூடை இரண்டு, ஒன்றின் அடி எலி கடித்தது.
இடுப்பில் கட்டிய இரட்டு, கறை போகாதது.
பிள்ளைக்காம்பராவின் தொட்டில் கொக்கி.
பழைய செக்ரோல் ஒன்று.
ஈரத்தில் ஒட்டிய பக்கங்களை
மூன்று ராத்திரி ஊசியால் பிரித்தேன்.

அட்டை எழுதுவது எனக்குப் பிடித்த வேலை.
‘தராசு. இரும்பு. முகப்புக் கண்ணாடி உடைந்தது.’
‘பெண் தொழிலாளர், கீழ்ப் பிரிவு.
பெயர்கள் தெரியவில்லை.’
எழுதிவிட்டு
கையெழுத்து அழகாக வந்திருக்கிறதென்று
தள்ளி நின்று பார்த்தேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை கொழும்பு வேன் வந்தது.
பதினோரு பேர், நல்ல சப்பாத்து.
பிரட்டுக்களத்தில் நிறுத்திச் சொன்னேன்:
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள்.
பீலிக்கரையில் சொன்னேன்:
வேலைநிறுத்தச் செய்தி
குடத்திலிருந்து குடத்துக்குப் போனது இங்கேதான்,
தண்ணீர் இரைச்சலில் கங்காணிக்குக் கேட்காது.
ஒரு பிள்ளை பீலியில் வாய் வைத்தது.
தாய் இழுத்து போத்தல் தண்ணீர் கொடுத்தாள்.
மூன்றாம் மலைப் படியில் அட்டை கடித்தது.
கூடையை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு
போனார்கள்.

நாலரைக்குப் புஷ்பகாந்தி வந்தாள்,
கைக்காசுக் கொழுந்து நிறுத்துவிட்டு
படங்கோடு நேரே.
எட்டாம் வகுப்புவரை என் பக்கத்து வாங்கு.
நான் டிரெய்னிங் காலேஜ் போன வருஷம்
அவள் பேர் பதிந்தாள்.
‘டிக்கட் எவ்வளவு?’
‘உனக்கென்னடி டிக்கட்?’
‘ஏன், நான் மட்டும் ஓசியா?’
ஈர நூறு ரூபாயை மேசையில் ஒட்டவைத்தாள்.

படத்தில் நாலு பெண்கள்,
ஒரே வெயில், நாலு சுளிப்பு.
‘இது எங்க பெரியம்மா.’
‘எப்படித் தெரியும்?’
‘பெருவிரலப் பாரு. நகம் இல்ல.
இந்தத் தராசு வாங்கின விரலு.’

கூப்பன் கடையில் ஐந்து றாத்தல் மாவு வாங்கி
கட்டு அவிழ்க்காமல்
கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுவந்தாளாம்.
கூடை தொங்கும் கொக்கியில்
மாவைத் தொங்கவிட்டாளாம்.
முள் நாலில் நின்றதாம்.
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
பின்னால் நின்ற அறுபது பேரும்
ஒருத்தி பின் ஒருத்தியாகக்
கூடையைத் தரையில் வைத்தார்களாம்.
ஒன்பது நாள்.
கணக்கப்பிள்ளை தராசைப் பிடுங்கியபோது
சங்கிலிக்குள் போனது நகம்.

செக்ரோலைப் புரட்டினேன்.
ஒன்பது கட்டம் வெறுமை.
பத்தாவதில் சிவப்பு மை: அரை.
மூன்று ராத்திரி ஊசியோடு இருந்தும்
வெறும் கட்டத்தை
வெறும் கட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பேனாவை எடுத்தேன். முத்துப்பேச்சி.
எழுதி மூடப் போனவளை
மணிக்கட்டில் பிடித்தாள்,
கொழுந்துச் சாறு கறுத்த விரல்களால்.
‘அரைப்பேர் போடாத, டீச்சர்.’
‘அப்பா பேர் என்ன?’
‘அப்பனா? பதுளைக்குப் போனவன் திரும்பல.
வளத்தது செவனாயி.
செவனாயி மக முத்துப்பேச்சி.
போடு, முழுப்பேர்.’

அட்டையில் இடம் போதவில்லை.
கடைசி எழுத்து ஓரத்தில் வளைந்து ஏறியது.
மற்ற மூன்று பேர்?
ஒருத்தி கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கம் போனவள்,
மேட்டு லயத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.
இன்னொருத்தியின் முகத்தை
வெகுநேரம் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது தராசுக் கொக்கியில்
தன் குடையை மாட்டினாள்.
துருவேறிய முள் அசையவில்லை.
‘இன்னும் திருந்தல பாரு’ என்று
குடையை விரித்து இறங்கிப் போனாள்.

டிக்கட்டைக் கிழித்துக் கொடுக்க
மறந்திருந்தேன்.